மாயா இடிபாடுகளில் எடுத்த படம் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

மெக்சிகோ, குவாத்தமாலா, பெலீஸ், ஹோண்டுராஸ் பக்கம் போய் மாயா கோயில்களைப் படம் எடுக்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் சிக்கல்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் இருக்கும். வெளிறிய சுண்ணாம்புக்கல், அதைச் சுற்றிக் கரும்பச்சைக் காடு, உச்சந்தலையில் அடிக்கும் வெயில், காற்றில் எந்நேரமும் ஈரம். இந்த நாலும் சேர்ந்தால் எவ்வளவு நல்ல கேமராவும் தடுமாறும். கீழே அறிகுறி வாரியாகப் பிரித்துப் போட்டிருக்கிறேன், உங்கள் படத்தில் எது தெரிகிறதோ நேராக அதற்குப் போய்விடுங்கள். போனில் எடுப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே வழிதான், வேறுபடும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

கேமராவை வெளியே எடுத்ததும் படம் முழுக்கப் புகை மூட்டம்

லென்ஸில் ஈரம் படிந்திருக்கிறது. ராத்திரி முழுக்க ஏசி அறையில் குளிர்ந்து கிடந்த கண்ணாடி, விடிகாலையில் மெக்சிகோவின் பலெங்கே அல்லது குவாத்தமாலாவின் டிக்கால் காட்டின் ஈரக்காற்றைத் தொட்ட உடனே வியர்த்துவிடும். துணியால் துடைத்தால் ஒரு நிமிடத்தில் மறுபடி படியும், துடைக்கத் துடைக்கக் கோடுகள்தான் விழும். கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை பொறுக்க வேண்டும், இருபது முப்பது நிமிடம் ஆகலாம். அந்த நேரத்தில் லென்ஸை மட்டும் கழற்றிவிடாதீர்கள், உள்ளே சென்சாரில் ஈரம் போனால் வேலை பெரிதாகிவிடும்.

அடுத்த நாள் இது வராமல் இருக்க, படுக்கப் போகும் முன் கேமராவைக் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு, உள்ளே இரண்டு சிலிகா ஜெல் பொட்டலம் வைத்து மூடுங்கள். காலையில் வெளியே வந்த பிறகும் பையைத் திறக்காமல் கொண்டுபோனால் ஈரம் பையின் மேல் படியும், கண்ணாடியில் படியாது. அறைக்கு ஏசி வேண்டாம், மின்விசிறி போதும் என்று முடிந்தால் கேட்டு வாங்குங்கள், சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். போனுக்கும் இதே கதைதான், ஆனால் அது சின்னது என்பதால் சட்டைப் பையில் உடம்புச் சூட்டிலேயே சீக்கிரம் சரியாகிவிடும்.

மூட்டம் இல்லை, ஆனால் படம் மங்கல், வெளிச்சப் புள்ளிகளைச் சுற்றி ஒளிவட்டம்

இது கொசு மருந்து. விரலில் இருந்த மருந்தோ சன்ஸ்கிரீனோ லென்ஸில் மெல்லிய எண்ணெய்ப் படலமாக ஒட்டியிருக்கும். லென்ஸ் துடைக்கும் திரவத்தில் இரண்டு சொட்டுத் துணியில் விட்டுத் துடைத்தால் போய்விடும். ஆனால் டீட் கலந்த கொசு மருந்து பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கரைக்கும், கேமராவின் பிடி பிசுபிசுவென்று ஆகிவிட்டது என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். கைகளைக் கழுவிவிட்டுக் கேமராவைத் தொடுங்கள், தண்ணீர் இல்லையென்றால் மருந்தைப் புறங்கையால் பூசுங்கள், உள்ளங்கையில் படவே வேண்டாம். அந்தக் காடுகளில் கொசு மருந்து இல்லாமல் நிற்கவும் முடியாது.

கல் வெள்ளையாக எரிந்துபோய் விவரமே இல்லை

கேமரா பின்னாலிருக்கும் காட்டைப் பார்த்து ஏமாந்திருக்கிறது. சட்டகத்தில் முக்கால்வாசி கரும்பச்சை மரமாக இருந்தால் 'இடம் இருட்டு' என்று அது நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வெளிச்சமாக்கும், நடுவில் நிற்கும் வெள்ளைக் கல் வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை மைனஸ் பக்கம் முக்கால் முதல் ஒன்று வரை இறக்குங்கள். போனில் என்றால் திரையில் கல்லின் மேலேயே விரலை வைத்து அழுத்திப் பூட்டி, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். கேமரா மாற்றாமல் அப்படியே சேமிக்கும் ரா (RAW) கோப்பாக எடுத்தால் நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், வெளுத்துப்போன கல்லை எந்த மென்பொருளாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. அதனால் சந்தேகம் வந்தால் இருட்டாகவே எடுங்கள்.

இந்தத் தொல்லை புகைப்படக் கலை பிறந்த காலத்திலிருந்தே இருக்கிறது. 1841இல் ஆங்கிலேய ஓவியர் ஃபிரெடரிக் கேதர்வுட், மெக்சிகோவின் உஷ்மலுக்கு டாகுரோடைப் என்ற ஆரம்பகாலத் தகட்டுக் கேமராவைக் கொண்டுபோய்க் கட்டடங்களைப் படம் பிடித்துப் பார்த்தார். வெளியே துருத்திக்கொண்டிருக்கும் அலங்காரங்களின் நிழல் ஒரு பக்கம், பளீரென்ற வெயில் இன்னொரு பக்கம், இரண்டும் ஒரே தகட்டில் சரியாக விழவில்லை என்று கடைசியில் கையால் வரைவதையே நம்ப வேண்டியதாயிற்று. இன்றைக்கு உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: கேமராவை அசைக்காமல் வெவ்வேறு வெளிச்சத்தில் மூன்று படம் எடுத்துச் சேர்த்துவிடலாம். ஆனால் இதையே தானாகச் செய்யும் போனின் எச்டிஆர் சில நேரம் நிழலை முழுக்கத் துடைத்துவிடும். நிழல் போனால் உஷ்மல் சுவரில் மழைக் கடவுள் சாக்கின் முகமூடிகளின் மூக்கும் போய்விடும், அந்தச் சுவருக்கே நிழல்தான் உயிர். ஆகவே அங்கே எச்டிஆரை அணைத்து ஒன்று, போட்டு ஒன்று என்று இரண்டும் எடுத்து வையுங்கள்.

கட்டடம் கருப்பு, பின்னால் வானம் மட்டும் பளிச்

நீங்கள் தப்பான நேரத்தில் சரியான இடத்தில் நிற்கிறீர்கள். ஒவ்வொரு கட்டடமும் எந்தத் திசை பார்த்தது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் பாதிப் பிரச்சினை வராது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிக்காலின் பெரிய சதுக்கத்தில் முதலாம் கோயிலும் இரண்டாம் கோயிலும் எதிரெதிரே நிற்கின்றன. ஏறத்தாழ 47 மீட்டர் உயரமுள்ள முதலாம் கோயில் மேற்குப் பார்த்தது, அதன் முகப்பில் வெயில் விழ மதியம் தாண்ட வேண்டும். இரண்டாம் கோயில் கிழக்குப் பார்த்தது, அதற்குக் காலை. ஆகக் காலையில் சதுக்கத்துக்கு வந்தவர்கள் முதலாம் கோயிலை எதிர்வெயிலில் எடுத்துவிட்டுக் கருப்பாக வருகிறது என்று சொல்வார்கள், திரும்பி நின்றால் இரண்டாம் கோயில் முழு வெளிச்சத்தில் இருக்கும். முதலாம் கோயில்தான் வேண்டுமென்றால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாருங்கள். இரண்டாம் கோயிலின் பின்பக்கம் மரப்படி போட்டிருக்கிறார்கள், அதில் ஏறி நின்றால் எதிர்க்கோயிலை நிமிர்ந்து பார்க்காமல் நேர்ப் பார்வையில் எடுக்கலாம்.

உஷ்மலில் ஆளுநர் மாளிகை கிழக்குப் பார்த்தது, ஏறத்தாழ நூறு மீட்டர் நீள முகப்பு. முதல் வேலையாக அங்கே போய்விடுங்கள். பலெங்கேயில் கல்வெட்டுக் கோயில் வடக்குப் பார்த்தது, டிசம்பர் ஜனவரியில் அதன் முகப்பில் நேர்வெயில் பெரிதாக விழாது. அந்த மாதங்களில் மேகமூட்டமான காலை கிடைத்தால் அதுதான் அந்தக் கோயிலுக்கு நல்ல வெளிச்சம், சூரியன் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். துலுமில் கடல் கிழக்கே இருக்கிறது, பாறை முகடும் கடலும் சேர்ந்து வரும் அந்தப் படத்துக்குக் காலைதான், மாலையில் போனால் கோட்டை நிழலுருவமாகத்தான் வரும்.

சிச்சென் இட்சாதான் கொஞ்சம் சங்கடம். குகுல்கான் பிரமிடில் நன்றாகச் சீரமைக்கப்பட்டவை வடக்கு முகமும் மேற்கு முகமும்தான், எல்லோரும் எடுப்பதும் அந்த மூலையிலிருந்துதான். ஆனால் கூட்டம் இல்லாத நேரம் காலை எட்டு மணி, குளிர்மாதங்களில் அந்நேரம் அந்த இரண்டு முகமும் நிழலில் கிடக்கும். ஒன்று, வடகிழக்கு மூலைக்குப் போய் வெயில் விழும் கிழக்கு முகத்தைச் சேர்த்து எடுங்கள், சிதைந்த படிகளும் தெரியும், எனக்கு அந்தப் பக்கம்தான் பிடித்திருக்கிறது, கட்டடத்தின் வயது அதில் தெரிகிறது. இல்லையென்றால் மாலை மூன்று மணிக்கு மேல் திரும்பி வாருங்கள், பேருந்துக் கூட்டம் அப்போது கரையத் தொடங்கியிருக்கும். மே கடைசி முதல் ஜூலை நடுப்பகுதி வரை சூரியன் வடக்கே சாய்ந்து போவதால் காலையிலேயே வடக்கு முகத்துக்கு வெளிச்சம் கிடைக்கும்.

செதுக்கல் எல்லாம் தட்டையாக, எழுத்தே தெரியாத மாதிரி வருகிறது

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கோளாறு. பிரமிடு படம் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறது, ஆனால் ஒரு கல்லில் செதுக்கியிருக்கும் அரசனின் முகத்தையும் அவன் பெயரையும் படிக்கிற மாதிரி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் மிகக் குறைவு.

காரணம் எளிது. வெளிச்சம் கல்லுக்கு நேர் எதிரே இருந்து விழுந்தால் பள்ளத்துக்கும் மேட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வெளிச்சம் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போக வேண்டும், அப்போது ஒவ்வொரு கோடும் ஒரு மயிரிழை நிழல் போடும், கண்ணுக்கே தெரியாமல் தேய்ந்துபோன எழுத்துகூட எழுந்து நிற்கும். ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகம் 1968இல் தொடங்கிய மாயா கல்வெட்டுத் தொகுப்புப் பணியில் இயன் கிரஹாம் போன்றவர்கள் ராத்திரியில் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுத்ததும் இதற்காகத்தான். பயணியான உங்களுக்கு ராத்திரி அனுமதி கிடைக்காது, ஆனால் பகலிலேயே அந்த உரசல் வெளிச்சம் கிடைக்கும் நேரம் ஒன்று உண்டு.

ஸ்டெலா எனப்படும், நிமிர்ந்து நிற்கும் செதுக்கிய கற்களுக்கு உச்சிவெயில்தான் நல்லது. பயணக் குறிப்புகள் எல்லாம் நடுப்பகலில் கேமராவை உள்ளே வை என்று சொல்லும், பிரமிடுக்கு அது சரி, கல்வெட்டுக்குச் சரியில்லை. மேற்குப் பார்த்த கல்லுக்கு உச்சி தாண்டிய முதல் ஒரு மணி நேரம், கிழக்குப் பார்த்த கல்லுக்கு உச்சிக்கு முந்தைய ஒரு மணி நேரம். அந்த இடைவெளியில் வெயில் கல்லின் மேலிருந்து கீழே வழிந்துகொண்டு வருவது போல விழும். நேரம் கொஞ்சம்தான், எந்தக் கல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போனில் திசைகாட்டியை வைத்துக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மாயா நிலம் கடகரேகைக்குத் தெற்கே இருப்பதால் வருடத்தில் இரண்டு தடவை சூரியன் சரியாகத் தலைக்கு நேரே வரும்: ஹோண்டுராஸின் கோப்பானில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் இரண்டாம் வாரத்திலும், டிக்காலில் மே இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் முதல் வாரத்திலும். அந்த நாட்களை ஒட்டிப் போகிறவர்களுக்கு எல்லாத் திசைக் கல்லும் உச்சியில் உரசல் வெளிச்சத்தில் கிடைக்கும்.

கோப்பானின் கற்கள் ஆழமாக, கிட்டத்தட்ட முழுச் சிலை மாதிரி செதுக்கப்பட்டவை. அங்கே உரசல் அதிகமானால் முகத்தில் பாதி கருநிழலில் போய்விடும், மெல்லிய மேகம் சூரியனை மறைக்கும் நேரம் பார்த்து அமுக்குங்கள். குவாத்தமாலாவின் கிரிகுவாவில் வேறு பிரச்சினை, கற்களைக் காக்க ஓலைக்கூரை போட்டிருக்கிறார்கள். கூரையின் நிழல் ஒரு பக்கம், பின்னால் வெயில் அடிக்கும் புல்வெளி ஒரு பக்கம். அங்கே கல்லை முழுதாக எடுக்கும் ஆசையை ஒரு படத்தோடு முடித்துக்கொண்டு, வானமும் புல்வெளியும் வராதபடி துண்டு துண்டாக நெருங்கி எடுங்கள். 10 மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஸ்டெலா ஈ-யை ஒரே படத்தில் எடுத்தால் எப்படியும் எழுத்து தெரியப்போவதில்லை. கோப்பானின் கல்வெட்டுப் படிக்கட்டுக்கும் மேலே கித்தான் கட்டியிருக்கிறார்கள், வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும், உரசலே கிடைக்காது. அதைத் தட்டையாகவே எடுத்து வந்து வீட்டில் கான்ட்ராஸ்டைக் கூட்டுவதுதான் ஒரே வழி.

துண்டு துண்டாக எடுக்கும்போது ஒரு ஒழுங்கு வேண்டும். மாயா எழுத்து இரண்டிரண்டு பத்தியாகப் படிக்கப்படுவது: முதல் வரிசையில் இடது, வலது, பிறகு அடுத்த வரிசையில் இடது, வலது, இப்படிக் கீழே வரை போய், பிறகு அடுத்த இரண்டு பத்தி. நீங்களும் அதே வரிசையில், ஒரு படத்தில் எப்போதும் ஜோடிப் பத்தி முழுதாக வரும்படி, மேல் படத்தின் கடைசி வரிசை கீழ்ப் படத்திலும் வரும்படி எடுத்தால் பிறகு யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து படிக்கலாம். பத்தியின் நடுவே வெட்டிவிட்டால் வாக்கியம் உடைந்துவிடும்.

யாஷ்சிலானில் முக்கியமான செதுக்கல்கள் வாசல் நிலைக்கு மேலே குறுக்குக் கல்லின் அடிப்பக்கத்தில் இருக்கின்றன, வாசலில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். கேமராவைக் கண்ணில் வைத்து வளைந்து நின்றால் சாய்வாகத்தான் வரும். போனின் பின்பக்கம் மேலே பார்க்கும்படி உள்ளங்கையில் சமமாக வைத்து, மூன்று விநாடி டைமர் போட்டு அசையாமல் பிடியுங்கள். வெளியிலிருந்து வரும் வெளிச்சம் தானாகவே அடிப்பக்கத்தை உரசும், பிளாஷ் போட்டால் அந்த அழகு மொத்தமும் போய்விடும்.

இன்னொன்று. எழுத்து தெரியவில்லை என்று கல்லில் தண்ணீர் தெளிப்பது, பாசியைச் சுரண்டுவது, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவது எதுவும் வேண்டாம். உங்கள் ஒரு படத்துக்காக அந்தக் கல் இழப்பது திரும்பி வராது.

எல்லாமே பச்சையாக இருக்கிறது, கல்லும் ஆட்களின் முகமும்கூட

காட்டு இலைகளில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம். பலெங்கேயிலும் டிக்காலின் காட்டுப் பாதையிலும் நிச்சயம் வரும். தானியங்கி வொயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) நிறுத்திவிட்டு நிழல் அமைப்பில் வையுங்கள், ரா கோப்பாக எடுங்கள், வீட்டில் மெஜென்டா பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள். ஒரு வெள்ளைத் தாளை அதே இடத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் எவ்வளவு தள்ளுவது என்பதும் தெரிந்துவிடும். இலைகளின் வெள்ளைப் பளபளப்பு உறுத்தினால் போலரைசர் ஃபில்டர் அதைக் குறைக்கும், ஆனால் வெளிச்சத்தையும் ஒன்றரை ஸ்டாப், அதாவது பாதிக்கு மேல், சாப்பிடும். கோப்பானின் கல் எரிமலைச் சாம்பல் இறுகியது, அதற்கு இயல்பிலேயே லேசான பச்சை உண்டு, அதையும் சேர்த்துத் துடைத்துவிடாதீர்கள்.

டிக்காலில் சூரிய உதயத்துக்குப் போனால் வெறும் வெள்ளை

நான்காம் கோயில் உச்சியில் இருட்டில் போய் உட்கார்ந்தால் பல நாள் சூரியன் தெரியவே தெரியாது, மூடுபனிதான். விடிந்த உடனே எழுந்து இறங்கிப் போகிறவர்களைப் பார்த்து நீங்களும் இறங்கிவிட வேண்டாம். பனி விலகும்போது முதலில் வெளியே வருவது மூன்று கோயில்களின் உச்சி முகடுகள், அந்தப் பதினைந்து நிமிடம்தான் படம். அகல லென்ஸை உள்ளே வையுங்கள், 100 மி.மீ.க்கு மேலான ஜூமை எடுங்கள். பனியில் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும், தெரிகிற ஒரு முகட்டின் விளிம்பில் ஃபோகஸ் வைத்துக் கைமுறைக்கு மாற்றிப் பூட்டிவிடுங்கள். பனியைக் கேமரா சாம்பலாக்கும், இங்கே எக்ஸ்போஷரைப் பிளஸ் பக்கம் ஏற்ற வேண்டும், முன்னே கல்லுக்குச் சொன்னதற்கு நேர்மாறு.

பூங்கா வழக்கமாகத் திறப்பது காலை ஆறு மணிக்கு. உதயத்துக்குத் தனிச் சீட்டும் வழிகாட்டியும் வேண்டும், முந்தின நாளே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மற்றபடி ஊளைக் குரங்குகளின் சத்தம் காடு முழுக்க எழும் நேரம் அது, படம் வராவிட்டாலும் போனில் ஒலியைப் பதிந்துகொள்ளுங்கள்.

பனி இல்லாமல் பகல் முழுவதும் வானம் மங்கிய வெள்ளையாக இருந்தால் அது வேறு. மார்ச் முதல் மே வரை மக்காச்சோள வயலுக்காகக் காட்டைத் திருத்தித் தீ வைக்கும் பருவம், டிக்கால் இருக்கும் பெட்டேன் பகுதியில் புகை நாள்கணக்கில் நிற்கும். அந்த நாட்களில் தூரக் காட்சியை விட்டுவிட்டுக் கற்களுக்கு நெருங்குங்கள்.

பிரமிடு குட்டியாக, பின்னால் சாய்ந்து விழுகிற மாதிரி இருக்கிறது

அகல லென்ஸோடு காலடியில் நின்றிருக்கிறீர்கள். பிரமிடு ஏற்கெனவே சரிந்து மேலே குறுகுவது, கேமராவை நிமிர்த்தினால் இன்னும் குறுகி உயரமே தெரியாது. பின்னால் போங்கள், சதுக்கத்தின் மறுகோடி வரை போங்கள், ஜூம் போட்டு கேமராவைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். போக இடமில்லையென்றால் சுற்றிலும் காலியிடம் விட்டு எடுத்துவிட்டு எடிட்டில் நிமிர்த்துங்கள், நிமிர்த்தும்போது ஓரம் வெட்டுப்படும் என்பதற்காகத்தான் அந்தக் காலியிடம்.

அளவு தெரிய ஒரு ஆள் வேண்டும். அடியில் யாராவது கடந்து போகும்போது அமுக்குங்கள். கலக்முலில் ஏறத்தாழ 45 மீட்டர் உயர இரண்டாம் கட்டடத்தின் படியில் ஒரு ஆள் பாதி தூரம் ஏறும்போது எடுத்த படம் எந்த விளக்கமும் இல்லாமல் உயரத்தைச் சொல்லிவிடும்.

எங்கே பார்த்தாலும் தலைகள்

சிச்சென் இட்சாவில் கான்குனிலிருந்து வரும் பேருந்துகள் பத்து மணிக்கு மேல் வந்து குவியும், அதற்கு முன் எடுக்க வேண்டும். இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், கான்குன் இருக்கும் கின்டானா ரோ மாநிலத்தின் கடிகாரம், சிச்சென் இட்சா இருக்கும் யுகடான் மாநிலத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கான்குன் நேரப்படி ஆறு மணிக்கு வண்டி எடுத்தால், இரண்டரை மணி நேரப் பயணத்துக்குப் பிறகு சிச்சென் வாசலில் அவர்கள் நேரம் ஏழரைதான், எட்டு மணிக்கு வரிசையில் முதல் ஆளாக உள்ளே போகலாம். இன்னும் நல்லது, முந்தின ராத்திரி பக்கத்துக் கிராமமான பிஸ்தேயிலோ வயடோலிடிலோ தங்குவது.

உள்ளே போனதும் நேராகப் பிரமிடு, பிறகு 168 மீட்டர் நீளப் பந்தாட்டக் களம், பிறகு மற்றவை. பத்து மணிக்கு மேல் வந்துவிட்டீர்கள் என்றால், பையின் மேல் கேமராவை அசையாமல் வைத்து அரை நிமிட இடைவெளியில் பத்துப் பன்னிரண்டு படம் எடுங்கள், ஆட்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால் மீடியன் முறையில் சேர்க்கும் மென்பொருள் அவர்களை எல்லாம் நீக்கிவிடும். நிற்கிறவர் நின்றுகொண்டே இருந்தால் போகமாட்டார்.

சம இரவு நாளில் போயும் பாம்பு வரவில்லை

மார்ச் 20, செப்டம்பர் 22 வாக்கில் மாலை வெயிலில், குகுல்கான் பிரமிடின் வடக்குப் படிக்கட்டுக் கைப்பிடிச் சுவரில் முக்கோண வெளிச்சங்கள் வரிசையாக விழுந்து கீழே இருக்கும் பாம்புத் தலையோடு சேரும். அது விழுவது சுவரின் மேற்குப் பார்த்த பக்கத்தில், நீங்கள் வடக்கே நேர் எதிரே நின்றால் சரியாகத் தெரியாது. வடமேற்குப் பக்கம் இடம் பிடியுங்கள். அன்றைக்கு ஆயிரக்கணக்கில் கூடுவார்கள், ஆனால் இரண்டு மூன்று நாள் முன்னும் பின்னும் போனாலும் கிட்டத்தட்ட அதே நிழல் தெரியும், கூட்டம் குறைவு. மேகம் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இருட்டறைப் படம் எல்லாம் கலங்கல்

மெக்சிகோவின் போனம்பாக் சுவரோவியங்களில் வரும் சிக்கல் இது. எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தீட்டிய மூன்று அறைகள், பிளாஷுக்குத் தடை, ஒரு நேரத்தில் சிலரைத்தான் உள்ளே விடுவார்கள். பிளாஷ் தானாக அடிக்காதபடி வெளியிலேயே அணைத்துவிட்டுப் போங்கள். ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று தயங்காமல் ஏற்றுங்கள், அதனால் படத்தில் வரும் குருணையை வீட்டில் குறைக்கலாம், ஆட்டத்தைக் குறைக்க முடியாது. சுவரில் சாயாதீர்கள், சுவரைத் தொடவே கூடாது. முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டு, தொடர்ச்சியாக ஐந்தாறு படம் அடித்தால் ஒன்று கூர்மையாக வரும்.

இரண்டாம் அறையில் நுழைந்ததும் எதிரே போர்க்களம், இரண்டு பக்கச் சுவரிலும் அதுவே தொடரும். எல்லோரும் அதை எடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். சிறைப்பிடிக்கப்பட்டவர்களை அரசன் முன் நிறுத்தியிருக்கும் காட்சி உங்களுக்குப் பின்னால், நுழைந்த வாசலுக்கு மேலே இருக்கிறது. படியில் சரிந்து கிடப்பவனின் தளர்ந்த கை, விரலிலிருந்து சொட்டும் ரத்தம், மாயா ஓவியத்தில் இதற்கு மேல் ஒன்றை நான் பார்த்ததில்லை. திரும்பினால் வாசல் வெளிச்சம் லென்ஸில் அடிக்கும். வாசல் சட்டகத்துக்குள் வராதபடி மேலே தள்ளி, ஓவியத்தின் மேல் அளவெடுத்து எடுங்கள்.

காவலர் தடுக்கிறார், ஆட்கள் முகத்தைத் திருப்புகிறார்கள்

மெக்சிகோவின் தொல்லியல் தலங்களை நடத்துவது இனா (INAH) எனப்படும் தேசிய மானுடவியல் வரலாற்று நிறுவனம். அவர்கள் விதிப்படி டிரைபாடுக்கு முன் அனுமதி வேண்டும், டிரோனுக்குத் தடை. வாசலில் வாதாடிப் பயனில்லை, அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். சுருட்டிய சட்டையைப் பையின் மேல் வைத்தால் பல இடத்தில் அதுவே போதும்.

ஆட்கள் விஷயம் இதைவிடப் பெரியது. மாயா மக்கள் அழிந்துபோனவர்கள் இல்லை, லட்சக்கணக்கில் அங்கேயே வாழ்கிறார்கள், உங்களுக்குக் கைவினைப் பொருள் விற்கிறவரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், குழந்தைகளைப் பெற்றோரைக் கேட்காமல் எடுக்கவே வேண்டாம். டிக்காலிலும் இஷிம்சேயிலும் பலிபீடத்தில் தீ வளர்த்துச் சடங்கு செய்கிறவர்களைப் பார்க்கலாம். அது வழிபாடு, கேமராவைத் தாழ்த்தி வைத்து விலகி நில்லுங்கள்.

போன் சூடாகித் திரை மங்குகிறது

உறையைக் கழற்றி, வீடியோவை நிறுத்தி, நிழலில் ஐந்து நிமிடம் வையுங்கள். குளிர்ந்த தண்ணீர் பாட்டிலோடு ஒட்டி வைத்தால் உள்ளே ஈரம் படியும்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் எது எந்தக் கட்டடம் என்றே தெரியவில்லை

உஷ்மலும் அதன் பக்கத்திலிருக்கும் கபாவும் ஒரு வாரம் கழித்து ஒன்று மாதிரியே தெரியும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் முதல் படம் அதன் அறிவிப்புப் பலகை, யுகடானில் பெரும்பாலும் ஸ்பானியம், ஆங்கிலம், மாயா மூன்றிலும் இருக்கும். பிறகு கட்டடம் முழுதாக ஒன்று, அதன் பிறகுதான் நெருக்கப் படங்கள்.

கோப்பானில் வெளியே நிற்கும் சில கற்கள் நகல்கள். பதினாறு அரசர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பலிபீடம் க்யூ-வின் மூலம் பக்கத்துச் சிற்ப அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. பலெங்கேயில் பக்கால் அரசனின் கல்லறை அறைக்குள் பொதுவாக விடுவதில்லை, அங்கே அருங்காட்சியகத்தில் இருப்பது சவப்பெட்டியின் நகல். படத்தின் கீழே குறிப்பு எழுதும்போது இது மூலமா நகலா என்று சேர்த்து எழுதுங்கள், பலகையிலேயே சொல்லியிருப்பார்கள்.

படங்களின் நேரம் முன்பின்னாக வரிசை குழம்பியிருந்தால் அதே கான்குன் கடிகாரம்தான். போன் எல்லை தாண்டியதும் தானாக மாறியிருக்கும், கேமரா மாறியிருக்காது. கேமராவில் எடுத்தவற்றில் யுகடான் நாட்களை மட்டும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நேரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுங்கள், இரண்டும் ஒன்றாக வரிசைக்கு வந்துவிடும்.